கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும்

வேலை செய்யும் இடத்தில் கிடைக்கும் மருத்துவக் காப்பீட்டை நம்முடையது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். கார்டில் நம் பெயர் இருக்கிறது, அம்மா அப்பா பெயர் இருக்கிறது, மருத்துவமனையில் நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பாலிசி முதலாளியின் பெயரில் இருக்கிறது. ஒப்பந்தம் அவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே, அதுவும் பொதுவாக ஓராண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்குப் போகலாமா, எந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்றெல்லாம் முடிவு செய்யும்போது நம்மை யாரும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, மார்ச் கடைசி வாரத்தில், "ஏப்ரல் 1 முதல் நமது குழுக் காப்பீடு புதிய நிறுவனத்துக்கு மாறுகிறது, பலன்களில் பெரிய மாற்றம் இல்லை" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது.

நான் மாதவரம் பக்கம் ஒரு சரக்குப் பெட்டக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு தண்டையார்பேட்டையில். அம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. பிரீமியம் பில் என் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பாலிசியின் பயனாளி என் வீட்டில் இருக்கிறார். இரண்டு பக்கத்தையும் பார்க்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மாற்றம் ஏன் வருகிறது என்பது எளிது. காப்பீட்டு நிறுவனம் ஆண்டு முடியும்போது நம் ஆட்களுக்கு எவ்வளவு கிளைம் கொடுத்தோம் என்று கூட்டிப் பார்க்கும். நூறு ரூபாய் பிரீமியம் வாங்கி நூற்றிருபது ரூபாய் கொடுத்திருந்தால், மறு ஆண்டு பிரீமியத்தை ஏற்றிக் கேட்கும். நிர்வாகம் புரோக்கரை அழைத்து வேறு இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்கச் சொல்லும். யாரோ ஒருவர் குறைவாகச் சொல்வார். அந்தக் குறைவு வானத்திலிருந்து விழுவதில்லை. பெற்றோருக்கான தொகையில் ஒரு பங்கு, அறை வாடகையில் ஒரு வரம்பு, கண்புரை அறுவைக்கு ஓர் உச்சத் தொகை என்று எங்கோ ஒரு வெட்டு விழுந்திருக்கும். வெட்டு விழும் இடம் பெரும்பாலும் பெற்றோர் பகுதிதான், ஏனென்றால் கிளைம் அதிகம் வருவது அங்கிருந்துதான். இருபத்தைந்து வயது ஊழியருக்கு இது தெரியவே தெரியாது. டயாலிசிஸ் நாற்காலியில் படுத்திருப்பவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த முதல் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் தங்காமல் செய்யும் சிகிச்சை என்றாலும், ஒவ்வொரு டயாலிசிஸும் காப்பீட்டுக் கணக்கில் ஒரு தனி அட்மிஷன்தான். மார்ச் 31 நள்ளிரவோடு பழைய கார்டு செல்லாது. நாங்கள் போகும் மருத்துவமனையில் மருந்துக்கடையை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடி வைத்த சிறிய இன்சூரன்ஸ் கவுன்டர் இருக்கிறது. அங்கிருக்கும் பெண் எங்களுக்கு நன்றாகப் பழக்கம். புதிய பாலிசி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "அக்கா, உங்கள் பெயர் வருகிறது. அம்மா பெயர் இன்னும் ஏறவில்லை."

ஏன் ஏறவில்லை என்பதை அலுவலகத்துக்குப் போய்த்தான் கண்டுபிடித்தேன். நிறுவனம் ஊழியர் பட்டியலை எக்செல் கோப்பாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அவர்கள் அதை டிபிஏவுக்கு, அதாவது கிளைம்களைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். டிபிஏ அதை ஏற்றிய பிறகுதான் இ-கார்டு உருவாகும். ஒரு வரியில் ஒரு தேதி இடித்தாலும் அந்த வரி மட்டும் திரும்பி வரும். அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. பள்ளிச் சான்றிதழ் இல்லாத அந்தத் தலைமுறையில் பலருக்கு அதுதான் பிறந்த தேதி. பழைய காப்பீட்டாளரின் பட்டியலில் வாக்காளர் அட்டையில் இருந்த வேறொரு தேதி இருந்தது. புரோக்கர் அந்தப் பழைய பட்டியலை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டும் பொருந்தவில்லை, அம்மாவின் பெயர் நின்றுவிட்டது.

டயாலிசிஸை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு இரைக்கும், படுக்க முடியாது. அம்மாவின் இடது முன்கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், புடைத்து நிற்கும். விரலை வைத்தால் உள்ளே ரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். சிஸ்டர் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நான் கீழே போய் ரொக்கம் கட்டி ரசீது வாங்கி வந்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். கட்ட முடிந்தது, கட்டினேன். அதே வரிசையில் கட்ட முடியாத ஒருவர் நின்றிருந்தால் அவர் நிலை என்ன என்ற கேள்வி எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் (நாம் ரொக்கம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறை) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான். பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு அனுப்புவதற்கு ஒன்றுமில்லை.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது: கார்டு வரவில்லை என்பதால் காப்பீடு இல்லை என்று ஆகிவிடாது. நிறுவனம் பணம் கட்டி, பாலிசி ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருந்தால், நாம் கட்டிய பணத்தைப் பிறகு கோரிப் பெறலாம். அசல் பில், பணம் கட்டிய ரசீது, மருத்துவரின் சீட்டு, அன்றைய சிகிச்சைக் குறிப்பு என எதையும் விடாமல் வாங்கி வையுங்கள். சிகிச்சை நடந்த அன்றே நிறுவனத்தின் எச்.ஆருக்கும் டிபிஏவுக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். தகவல் தாமதம் என்ற காரணத்தால் கிளைம் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் யார்டில் பெட்டகம் தூக்கும் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு வேறு மாதிரி சிக்கல். அவர் மனைவிக்குப் பித்தப்பை அறுவை. மார்ச் கடைசியில் சேர்த்தார்கள், ஏப்ரல் முதல் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலிசி நடுவில் மாறிவிட்டது. புதியவர்கள், "எங்கள் பாலிசி தொடங்கும் முன்பே சேர்ந்துவிட்டார்" என்றார்கள். பழையவர்கள், "எங்கள் பாலிசி முடிந்துவிட்டது" என்றார்கள். இருவரும் சொன்னது தனித்தனியாக உண்மை; நடுவில் அந்த அண்ணன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதற்கான நடைமுறை தெளிவானது: நோயாளி எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டாரோ அந்தத் தேதியில் நடப்பில் இருந்த பாலிசிதான் பணம் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனைச் செலவும் (பல பாலிசிகளில் 60 நாள்வரை) அதே பழைய பாலிசியின் பொறுப்பு. சேர்க்கைத் தேதியைச் சுட்டிக்காட்டி, பழைய நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். பணம் வந்தது. எழுதாமல் விட்டிருந்தால் வந்திருக்காது.

கார்டுப் பிரச்சினை ஓரிரு வாரத்தில் தீர்ந்துவிடும். ஷரத்துப் பிரச்சினை ஆண்டு முழுவதும் கூட வரும். அதில் மிகப் பெரியது அறை வாடகை வரம்பு. இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் கணக்காகவே போடுகிறேன்.

காப்பீட்டுத் தொகை 3 லட்சம் ரூபாய். பழைய பாலிசியில் அறைக்கு வரம்பு இல்லை. புதியதில் ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். அறைக்கு 24,000, மருத்துவர், மயக்க மருந்து, அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் சேர்ந்து 1,00,000, மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனைகள் 60,000. மொத்தம் 1,84,000 ரூபாய். கூடுதல் வாடகை 12,000 ரூபாயை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் தகுதியான அறையைவிட இரண்டு மடங்கு அறை எடுத்ததால், மருத்துவர் கட்டணம் முதலானவற்றிலும் பாதிதான் தருவார்கள். 12,000, 50,000, 60,000 சேர்த்து 1,22,000 கிடைக்கும். 62,000 ரூபாய் நம் தலையில். சேர்ந்தவர் அம்மாவோ அப்பாவோ என்றால், பெற்றோருக்கு 20 சதவீதக் கோ-பே (செலவில் நாமே ஏற்க வேண்டிய பங்கு) என்ற ஷரத்து இருக்கும் பட்சத்தில் இன்னும் 24,400 குறையும். ஆக 86,400 ரூபாய் கையிலிருந்து. "பெரிய மாற்றம் இல்லை" என்ற வரிக்குள் இந்த 86,400 ரூபாய் இருந்தது.

மருந்து, கருவி, பரிசோதனைச் செலவுகளில் இப்படி விகிதக் கழிவு செய்யக்கூடாது என்று ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் அது பொருந்தாது. வடசென்னைக்காரர்களுக்குக் குறிப்பாகப் பயன்படும் இன்னொன்றும் அதில் உண்டு: அறைக்கு ஏற்ப மற்ற கட்டணங்களை மாற்றாத மருத்துவமனைகளில் விகிதக் கழிவே கூடாது. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் உள்ள சிறிய நர்ஸிங் ஹோம்கள் சிலவற்றில், எந்த அறையில் படுத்தாலும் அறுவை அரங்குக் கட்டணம் ஒன்றுதான். அப்படியானால் அதை மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கிக் கிளைமோடு இணைத்துவிடுங்கள். கழித்த தொகையைத் திரும்பக் கேட்க அது உறுதியான ஆதாரம்.

அடுத்தது நெட்வொர்க், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல். புதிய நிறுவனம் தந்த பட்டியலில் சென்னை என்று போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. 600081, 600019, 600057 என்று எங்கள் பின்கோடுகளைப் போட்டுப் பாருங்கள், சட்டென்று சுருங்கிவிடும். பெரிய தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் கிரீம்ஸ் சாலையிலும் அண்ணா நகரிலும் வடபழனியிலும் அதற்கும் தெற்கேயும் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் எப்படி நகர்கிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை மெட்ரோ வந்தது பெரிய உதவிதான், ஆனால் டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றலோடு இருப்பவரை நகரத்தின் மறுமுனையிலிருந்து அழைத்துவர எந்த ரயிலும் எளிதல்ல. அம்மா பழகிய மருத்துவமனை பழைய நெட்வொர்க்கில் இருந்து, புதியதில் இல்லாமல் போனால் அது வெறும் முகவரி மாற்றம் அல்ல. அவரது ஊசி இடம் தெரிந்த சிஸ்டரையும், எடை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கோப்பைத் திறக்காமலே சொல்லும் டெக்னீஷியனையும் சேர்த்தே இழக்கிறோம்.

நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் பெறலாம் என்று 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம் அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னதாகவும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். எங்கள் பகுதியில் நான் கேட்ட ஒரு சிறிய மருத்துவமனை, "பணம் வர மாதக் கணக்கில் ஆகும், எங்களால் தாங்க முடியாது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை.

வேறு வழியில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. அந்த வரம்பு 2017 ஜனவரி முதல் அப்படியே நிற்கிறது. இஎஸ்ஐயில் குறைந்தது ஐந்தாண்டு இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைக்கும் சிகிச்சையைத் தொடரலாம் என்ற ஏற்பாட்டில், எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போய்வருகிறார். மணலியிலும் எண்ணூரிலும் உழைத்து ஓய்வு பெற்ற எத்தனையோ பேருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வடசென்னையின் உயிர்நாடி அது. இங்கே உள்ள எந்தக் குடும்பமும் ஒரு தலைமுறையிலாவது அதன் வாசலை மிதிக்காமல் இருந்ததில்லை. அதனாலேயே அங்கே கூட்டமும் அதிகம்.

இந்தக் கணக்கில் மாதம் 22,000, 25,000 ரூபாய் வாங்குகிற ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிவிட்டார். முதலமைச்சர் திட்டத்தின் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டார். சொந்தமாகப் பாலிசி எடுத்து, நோயுள்ள பெற்றோரையும் சேர்க்கும் அளவுக்கு வருமானம் இல்லை. அவருக்கு இருப்பது முதலாளி தரும் இந்த ஒற்றைப் பாலிசி மட்டும்தான். எங்கள் யார்டில் பாதிப் பேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பாலிசியை யாரைக் கேட்காமல் மாற்றினாலும், நோயாளி வீட்டாரைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

ஆகவே, கையெழுத்தாகும் முன்பே கேட்க வேண்டும். ஏப்ரலில் கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும். பிப்ரவரியில் கேட்டால் ஷரத்து மாறும். காரணம், அப்போது புதிய நிறுவனத்துக்கு நம் நிறுவனத்தின் வியாபாரம் வேண்டும். முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா, பெற்றோருக்குக் கோ-பே எத்தனை சதவீதம், அறை வாடகை வரம்பு என்ன, டயாலிசிஸுக்கும் கீமோதெரபிக்கும் தனி உச்சவரம்பு இருக்கிறதா, இப்போது சிகிச்சை பெறும் மருத்துவமனைகள் நெட்வொர்க்கில் வருமா என்பவற்றைப் பாலிசி வாசகத்தில் பார்க்க வேண்டும். புரோக்கர் தரும் வண்ணப் பக்கத்தில் அல்ல. குழுப் பாலிசிகளில் முன்பே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு தருவது பரவலான வழக்கம். ஆனால் அது எழுதப்பட்டிருந்தால்தான் உரிமை.

முடிந்தவர்கள் சின்னத் தொகைக்காவது தனியாக ஒரு பாலிசி எடுத்து வைப்பது நல்லது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடப்பில் இருந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, நீங்கள் அன்று ஒரு நோயைச் சொல்லவில்லை என்று காட்டிக் கிளைமை மறுக்க முடியாது. வேலையை விட்டுப் போகிறவர்கள், குழுப் பாலிசி தந்த அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளக் கோரலாம். பிரீமியமும் ஏற்பும் அவர்கள் மதிப்பீட்டைப் பொறுத்தது என்றாலும், குழுவில் கழித்த காலம் கணக்கில் வரும். கேட்காமல் வெளியேறினால் அந்தக் காலம் வீணாகும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்கான அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. குழுப் பாலிசியில் இருப்பவர்களும் போகலாம். "கம்பெனி பாலிசிதானே, நமக்கு உரிமை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் நிறுவனத்தில் அலுவலக ஆட்களும் யார்டு ஆட்களும் சேர்ந்து கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். மூன்று கோரிக்கைகள். பழைய, புதிய பாலிசிகளின் ஷரத்துகளை ஒரே தாளில் தமிழில் ஒப்பிட்டு, முடிவெடுக்கும் முன் எல்லோருக்கும் தர வேண்டும், இதை ஏற்றுக்கொண்டார்கள். டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் பெயர்களை மட்டும் பாலிசி தொடங்கும் முன்பே டிபிஏவிடம் ஏற்றி உறுதி செய்ய வேண்டும். இதையும் ஏற்றுக்கொண்டார்கள், எச்.ஆரில் ஒருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோருக்கான 20 சதவீதக் கோ-பேயை நீக்க வேண்டும், அதனால் கூடும் பிரீமியத்தில் ஒரு பகுதியை நாங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம் என்பது மூன்றாவது. எவ்வளவு கூடும் என்று புரோக்கரிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. பிப்ரவரிக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம்.